கல்குவாரிக்குப் பின்னால் ஒரு தடம்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? காய்கறிக் கடைக்குப் போனாலும் சரி, பல் டாக்டரிடம் போனாலும் சரி, "வணக்கம் மாஸ்டர்" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்குரியவர் எந்தத் திருப்பத்தில் வண்டியை ஆஃப் செய்தார், யார் வீட்டுச் சுவரில் உரசினார் என்பதெல்லாம் மாஸ்டருக்கு அத்துப்படி. பொறுமைசாலி என்று பெயர் வேறு. கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுத அம்மாளைக்கூட அவர் ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் அந்தப் பொறுமையெல்லாம் ஊராருக்குத்தான். வீட்டுக்கு வந்தால், மகள் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போடும் விதம்கூட அவர் கண்ணை உறுத்தும்.

அந்த மகளுக்கு அவர் வண்டி கற்றுக்கொடுக்கவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளித் தள்ளிப் போட்டார். அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், காட்டுயிர் படிக்கப் போன கல்லூரியில் அங்கே இருந்த ஜீப் டிரைவரிடம் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். போட்டி ஸ்கூலில் சேர்ந்திருந்தால்கூட மாஸ்டருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தொலைவில் ஒரு பெரிய புதர்க்காட்டில் மிருகங்களைக் கணக்கெடுக்கும் வேலை. ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றைக் கொடுத்துவிடுவார்களாம். அதில் தனியாகச் சுற்றி, மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்களைப் பார்த்துவிட்டு வரவேண்டும். வருவாளா மாட்டாளா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"காட்டுக்குள்ள தனியா வண்டி ஓட்டுறதெல்லாம் உனக்குச் சரிப்படாது" என்றார் மாஸ்டர்.

"நான் ஓட்டி நீங்க பார்த்ததே இல்லையேப்பா."

"பார்க்காமலே தெரியும்."

இதுதான் அவர் வாயிலிருந்து வந்தது. மனதில் இருந்தது வேறு. ஒரே பிள்ளை. அவள் போய்விட்டால் சாயங்காலம் அவரிடம் வாயாட இந்த வீட்டில் யார் இருப்பார்கள்? இதை இப்படியே சொல்லியிருந்தால் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள், இரண்டு பேரும் கொஞ்சம் கண் கலங்கியிருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும். மனிதருக்கு அது வரவில்லை. ஊருக்கெல்லாம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிற மனிதருக்கு.

கடைசியில் மகள்தான் ஒரு வழி சொன்னாள். கல்குவாரிக்குப் பின்னால் ஒரு காட்டுத் தடம் இருக்கிறது, ஏரியின் மறுகரையில் போய் முடிகிறது, சின்னத் தடம்தான். செயற்கைக்கோள் படத்தில் ஒரு நரை முடி போலத் தெரிந்ததாம்.

"கல்குவாரிக்குப் பின்னாடி ஒண்ணும் கிடையாது. இந்த ஊர்ல எனக்குத் தெரியாத ரோடா?"

"இது ரோடு இல்லப்பா, தடம். நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உட்காருங்க. தடம் முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. நான் எங்கயாவது மாட்டிக்கிட்டேன்னா வேலைக்குப் போகல. மாட்டாம ஓட்டிட்டேன்னா நீங்க மனசார போயிட்டு வான்னு சொல்லணும். சரியா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூலின் ஆபீஸைக் கவனித்துக்கொள்வது அவள்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களை அவள் மன்னித்த சரித்திரம் கிடையாது. அந்தக் குற்றத்துக்காகவே கூடப் பிறந்த தம்பியிடம் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவள்.

"ரெண்டு பேரும் என் முன்னாடி ஒத்துக்கிட்டீங்க" என்றாள் அவள். "அப்புறம் பேச்சு மாறினா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

ஞாயிறு காலை கிளம்பினார்கள். மாஸ்டரிடம் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இருந்தது. கியருக்குப் பக்கத்தில் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற சின்ன லிவர் ஒன்று உண்டு. வாங்கிய நாளிலிருந்து அவர் அதைத் துடைத்திருக்கிறாரே தவிரத் தொட்டு இழுத்ததில்லை. ஸ்கூல் விளம்பரப் பலகையை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வருவதற்கு இரண்டு சக்கரமே ஜாஸ்தி.

குவாரியில் வேலை நின்று பல வருஷம் ஆகியிருந்தது. துருப்பிடித்த கல் உடைக்கும் இயந்திரத்தைத் தாண்டி, கல்தூள் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனதும் புதர்களுக்கு நடுவே நிஜமாகவே ஒரு வழி திறந்தது. இரண்டு சக்கரச் சுவடும் நடுவில் புல்லும். மாஸ்டருக்கு முகம் கொஞ்சம் சுருங்கிப்போனது.

மகள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்க ஆரம்பித்தாள்.

"அடியே, என்ன பண்ற?"

"மணல்பா. டயர் கல்லு மாதிரி இருந்தா மண்ணைத் தோண்டிக்கிட்டு உள்ள போயிடும். காத்தைக் குறைச்சா பரந்து உட்கார்ந்து மேலயே மிதந்து போகும். பாதிக்குப் பாதி இறக்கணும்."

மாஸ்டரும் இறங்கி வந்து நின்றார். முதல் நாள் பாடமே அவருடைய ஸ்கூலில் டயரில் காற்றுப் பார்ப்பதுதான். காற்றுக் குறைந்த வண்டியை எடுக்கிறவன் எமனைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொள்கிறான் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! நாலு டயரும் கண் முன்னால் தொப்பை போட்டு உட்கார்ந்தன.

"நீங்க இருங்க. முன்னாடி வழி எப்படி இருக்குன்னு நடந்து பார்த்துட்டு வந்துடுறேன். தெரியாத தடத்துல முதல்ல நடக்கணும், அப்புறம்தான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு அவள் புதர்களுக்குள் போனாள்.

வண்டியின் பேட்டரியில் மாட்டிக் காற்றடிக்கும் பம்பு ஒன்று பின்சீட்டில் மண்வெட்டியோடு கிடந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். அவள் போன பக்கம் பார்த்தார். மறுபடி பம்பைப் பார்த்தார்.

பயம்தான் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். டயர் கழன்று போனால்? பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? பயம் பொய்யில்லை, இருந்தது. ஆனால் அந்தப் பயத்தின் முதுகுக்குப் பின்னால் இன்னொன்றும் நின்றுகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதன் முகத்தை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின் டயர்கள் இரண்டுக்கும் காற்றடித்து முடித்து முன்பக்கம் வருவதற்குள் தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பம்பைச் சுருட்டி இருந்த இடத்தில் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாகத் தம் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"வழி நல்லா இருக்குப்பா. ஒரு காஞ்ச ஓடை, அதுக்கப்புறம் ஒரு மணல் ஏத்தம். அவ்வளவுதான்." அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். சின்ன லிவரை இழுத்துப் போட்டாள். வண்டி ஒரு முறை முனகிவிட்டு நகர்ந்தது.

முள்செடிகள் கதவை இரண்டு பக்கமும் கீறின. ஒரு முயல் தடத்தோடு கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, என்ன நினைத்ததோ, பக்கவாட்டில் தாவி மறைந்தது. மாஸ்டர் மகளின் கைகளைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், கட்டை விரல்களை வெளியே விட்டு, லேசாகப் பிடித்திருந்தாள். கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் வெட்டினால் விரல் உடைந்துவிடும் என்று அப்படிப் பிடிக்கிறாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. பிரேக்கைத் தொடவே இல்லை. இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து மெதுவாக இறக்கியது. அவருடைய கால்தான், பழக்க தோஷம், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து ஓய்ந்துபோனது.

நன்றாக ஓட்டினாள். அவர் ஸ்கூலில் படித்த ஒருவர்கூட இப்படி ஓட்டியதில்லை. இவள் என் பெண் என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது அவருக்கு. பக்கத்தில் யாரும் இல்லை, அவளைத் தவிர. அவளிடமே சொல்லியிருக்கலாம். 'நிறுத்தும்மா, பின்னாடி டயர்ல நான் ஒரு வேலை பண்ணி வச்சிருக்கேன்' என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஓடை வந்தது, ஓடையைத் தாண்டினார்கள், அதுவரைக்கும் நேரம் இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே பேச்சு என்று அந்த ஒப்பந்தத்தையே சாக்காக்கிக்கொண்டு சும்மா இருந்தார்.

மணல் ஏற்றத்தில் பாதி போனதும் வண்டி திணறியது. முன் சக்கரங்கள் மண்ணைப் பற்றி ஏறின. பின் சக்கரங்கள் அவர் நினைத்ததைவிட வேகமாக ஆழத் தோண்டிக்கொண்டு இறங்கின. அவள் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

"இறங்கி மேல போய் நில்லுங்கப்பா. வண்டிக்குப் பின்னாடி யாரும் நிக்கக் கூடாது."

மாஸ்டர் ஏற்றத்தின் உச்சியில் ஒரு மரத்தடியில் போய் நின்றார். அங்கிருந்து வண்டியின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. பின்னால் அவள் மண்வெட்டியால் மண்ணை வாரி இறைக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்று வெகு நேரம் சத்தமே இல்லை. போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தார். போகவில்லை. அப்புறம் எஞ்சின் உறுமியது. வண்டி பின்னால் இறங்கி, மறுபடி வந்து, வழுக்காமல் ஒரே மூச்சில் ஏறி அவர் பக்கத்தில் நின்றது.

அவள் முகம் முழுக்க மணல். கண் மட்டும் தெரிந்தது.

"ஏன்பா மாட்டிக்கிச்சு?" என்று கேட்டாள். "நீங்க சொல்லுங்க. மாஸ்டராச்சே."

"காட்டு மண்ணு, எப்ப எப்படி இருக்கும்னு யார் கண்டா?" என்றார் அவர். "இதுக்குத்தான் அனுபவம் வேணும்கிறது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் கொஞ்ச தூரம்தான். புதர் விலகி, ஏரி தெரிந்தது. பிறந்ததிலிருந்து அவர் பார்த்த அதே ஏரி. ஆனால் இந்தக் கரையிலிருந்து பார்த்ததில்லை. ஊர் அந்தப் பக்கம் தண்ணீருக்கு மேல் தீப்பெட்டிகளை அடுக்கியது போல உட்கார்ந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் நம் வீடு எது, ஸ்கூல் எது என்று விரலை நீட்டிச் சண்டை போட்டிருப்பார்கள்.

"தடம் முடிஞ்சிருச்சுப்பா" என்றாள் மகள். "இனிமே நீங்க பேசலாம். ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது? ஒத்துக்கிட்டது நீதானே."

அவள் பம்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே இருந்தார். அவள் பின்பக்கம் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். போனாள். பம்பு ஓடியது, நின்றது. அடுத்த டயருக்குப் போனாள், ஓடியது, நின்றது. ஒன்றும் சொல்லாமல் வந்து கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். கவனிக்கவில்லை போலிருக்கிறது, தப்பித்தோம் என்று அவர் மூச்சு விட்டார்.

கெட்டித் தரையான கரையோரமாகவே போய்த் தார் ரோட்டில் ஏறியதும் அவள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். சைக்கிள்கூடத் தாண்டிப் போனது. பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மனதுக்குள் ஒரு நிம்மதியும் அதன் அடியில் ஏதோ ஒரு கசப்பும் இருந்தன. இரண்டில் எதையும் அவர் கிளறிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நான் வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்."

மனைவி கரண்டியோடு நின்றாள். "மாட்டாம ஓட்டிட்டியா?"

"மாட்டுச்சு."

"மாட்டினா போகலன்னு சொன்னியேடி!"

மகள் நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வைதான். ஏதோ ஒரு இடம் காலியாக இருப்பது போலவும், அதில் அவர் வந்து உட்காரவேண்டும் என்பது போலவும் பார்த்தாள். மாஸ்டருக்கு உள்ளே என்னவோ செய்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வாக்குன்னா என்னன்னே தெரியாம வளர்ந்திருக்கு" என்றார். "பேச்சு மாறுறவளை நம்பி நாளைக்கு எவன் வேலை கொடுப்பான்?"

அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். மனைவி தட்டுகளை எடுக்கும்போது ஒன்றோடொன்று இடிபட்டன. அன்றிலிருந்து தாயும் மகளும் தேவைக்குத்தான் பேசிக்கொண்டார்கள். சோப்பு எங்கே, துண்டு எங்கே, அவ்வளவுதான். கிளம்பும் நாள்வரை அப்படித்தான் போனது.

அந்த நாட்களில் மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் ஒரு பெண் கியர் மாற்றத் தடுமாறியதற்கு, வழக்கத்துக்கு மாறாகச் சள்ளென்று விழுந்தார். அவள் மிரண்டுபோய்ப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டார். யாரோ ஒருத்தியிடம் இவ்வளவு சுலபமாகக் கேட்க வருகிறதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கணக்கெடுப்பு ஆபீஸ் வண்டி காலையில் வந்து வாசலில் நின்றது. மகள் பைகளை ஏற்றினாள். மனைவி முன்னறையிலேயே நின்று, "பத்திரமா இரு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகள் அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும்தான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து அவள் கையைப் பிடித்தார்.

"அம்மாடி, அன்னிக்கு... நீ நடந்து பார்க்கப் போனப்ப, பின் டயர் ரெண்டுக்கும் நான்தான் காத்தடிச்சுட்டேன்."

"தெரியும்பா."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மண்ணைத் தோண்டும்போது டயர்ல கை பட்டுச்சு. கல்லு மாதிரி இருந்துச்சு. காத்தை இறக்கிட்டுத்தான் மறுபடியும் ஏத்தினேன். மேல வந்து கேட்டேன், ஏன் மாட்டுச்சுன்னு. ஏரிக்கரையில கேட்டேன். சரி, வண்டியில வரும்போதாவது சொல்லுவீங்கன்னு மெதுவா ஓட்டினேன். எவ்வளவு மெதுவாதான்பா ஓட்டுறது?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"காத்தடிச்சதுகூடப் பரவாயில்லப்பா. நான் போறது பிடிக்கல, பயந்துட்டீங்க. புரியுது. ஆனா உண்மை தெரிஞ்சுக்கிட்டே அம்மா முன்னாடி என்னை வாக்கு மாறினவள்னு சொன்னீங்க பாருங்க..." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். "நானா அம்மாகிட்ட சொல்லமாட்டேன். உங்களைக் காட்டிக்கொடுத்துட்டுப் போன மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிடுங்க. எனக்காக இது ஒண்ணு மட்டும் செய்யுங்க. அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டா எனக்குத் தாங்கலப்பா."

"சொல்லிடுறேன்மா. இப்பவே போய்ச் சொல்லிடுறேன்."

"நிஜமா?"

"சத்தியமா."

அவள் முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினாள். தெரு முனை திரும்புகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே மனைவி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாய் முழு வேகத்தில் ஓடியது. அழுதுகொண்டிருந்தாள் என்று தோள்களைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது. சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"ஜன்னல் வழியா பார்த்தேன். அவ்வளவு நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா உங்ககிட்ட? செஞ்சது தப்புன்னாவது சொன்னாளா?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். தம்பியோடு வருஷக்கணக்கில் பேசாத அந்தக் கண்களைப் பார்த்தார். இந்த வீட்டில் இனி அவரும் இவளும் மட்டும்தான்.

"சொன்னா" என்றார். "நீதான் மன்னிச்சிடணும்னு சொல்லச் சொன்னா."